மாஸ்க்கம்மாவின் தூக்கத் தாள்கள்

கதிர்வீச்சுப் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பழைய நோயாளிகள் சொல்லிக்கொடுக்கும் முதல் விஷயம் டாக்டரைப் பற்றியதல்ல, பெரிய மெஷினைப் பற்றியதும் அல்ல. "மாஸ்க்கம்மா இருக்காங்கல்ல, அப்புறம் என்ன பயம்?" என்பதுதான். மாஸ்க்கம்மா என்பது யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர் இல்லை. இருபத்தாறு வருடத்தில் தானாக ஒட்டிக்கொண்டது. பணிப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பாள்.

வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்தவருக்குக் கதிர் கொடுக்கும்போது தலை இம்மியும் நகரக் கூடாது. அதற்காகத்தான் மாஸ்க். ஓட்டை ஓட்டையாக இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை எழுபது டிகிரி வெந்நீர்த் தொட்டியில் போட்டால் இரண்டு நிமிடத்தில் துவண்டுவிடும். எடுத்து, துண்டால் ஒற்றி, தன் முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, படுத்திருப்பவர் முகத்தின் மேல் இழுத்துப் போர்த்தி மேசையோடு பூட்ட வேண்டும். பிறகு நெற்றி, மூக்குத் தண்டு, தாடை என்று விரலால் அழுத்தி அழுத்திப் பதிய வைக்க வேண்டும். அது இறுக ஆறேழு நிமிடம் ஆகும். அதுவரை வாயைத் திறக்க முடியாது, தலையைத் திருப்ப முடியாது. பெரிய தைரியசாலி என்று பெயர் எடுத்தவர்களுக்கே அங்கே வியர்த்துக் கொட்டும்.

அந்த ஆறேழு நிமிடத்தையும் அவள் பேசியே கடத்திவிடுவாள். அவளுக்கு வாய் ஓயாது. எதிராளிக்கோ வாயைத் திறக்க வழியில்லை. இப்படி ஒரு பாக்கியம் வேறு எந்த உத்தியோகத்தில் கிடைக்கும் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பேச்சில் பாதி அவள் வீட்டுக்காரரைப் பற்றியதாக இருக்கும். அவர் தடுப்பூசிக் கிடங்கின் பொறுப்பாளர். மருந்து அலமாரிகளின் குளிர் இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் நிற்கிறதா என்று காலையிலும் மாலையிலும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதே அவர் பிழைப்பு. வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஒரு வெப்பமானி தொங்கவிட்டிருக்கிறார். அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன சமைக்கலாம் என்று அரை நிமிடம் யோசித்தால் கூடத்திலிருந்து ஒரு கனைப்பு கேட்கும். "நான் எழுபது டிகிரி, அவர் ஏழு டிகிரி. முப்பது வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம், இன்னும் ரெண்டு பேரும் கெட்டுப்போகலை" என்பாள். மாஸ்க்குக்குள் இருப்பவரின் வயிறு சிரிப்பில் குலுங்கும். முகம் மட்டும் அசையாது. அதுதானே அவளுக்கு வேண்டும்.

மொத்தத்தில் அவள் சந்தோஷமான மனுஷி. வேலைக்குப் போக அலுத்துக்கொண்ட நாள் என்று ஒன்று அவளுக்கு நினைவில் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்து, பேரனையும் பார்த்தாகிவிட்டது. குறை என்று சொன்னால் ஒன்றுதான்: தன்னை எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்ற ஆசை அவளுக்குக் கொஞ்சம் அதிகம். அதை அவள் குறையாக நினைத்ததில்லை. நினைக்கும்படி ஆனது தூக்க டாக்டர் வந்த பிறகுதான்.

தூக்க டாக்டர் சின்ன வயதுக்காரர். கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். கதிர் சிகிச்சையில் இருக்கிறவர்களின் தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தார். தூக்கம் கெட்டால் வாய்ப்புண் ஆற நாளாகிறது, சாப்பாடு குறைகிறது, சிலர் பாதியிலேயே சிகிச்சையை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். காலையில் கதிர் கொடுத்தால் ராத்திரி நன்றாகத் தூங்குவார்களா, அல்லது பிற்பகலில் கொடுத்தால் நன்றாகத் தூங்குவார்களா? இதுதான் அவர் கேள்வி. யார் காலையில் வருவது, யார் பிற்பகலில் வருவது என்று கம்ப்யூட்டரே பிரித்துக் கொடுத்துவிடும். சிகிச்சைக்கு முன்னால் தினமும் ஒரு தாள். நேற்றிரவு தூக்கத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று அதில் வட்டம் போட வேண்டும். அவ்வளவுதான்.

நோயாளியே வட்டம் போட வேண்டும் என்றுதான் ஏற்பாடு. ஆனால் மாஸ்க் போடுவதற்காகக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டவருக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியாது. சிலருக்குக் கை நடுங்கும். மாஸ்க்கம்மாவுக்கு மனசு கேட்குமா? பேனாவைத் தானே வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, முகம் முழுக்கச் சிரிப்போடு, "என்ன, ராத்திரி நல்லா தூங்கினீங்களா?" என்று கேட்பாள். எட்டு என்பார்கள், ஒன்பது என்பார்கள். யாராவது ஆறு என்றால் பதறிப்போவாள். தலையணையை மாற்றச் சொல்லுவாள், வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைக்கச் சொல்லுவாள். மறுநாள் அந்த ஆறும் எட்டாகிவிடும். தன் வைத்தியம் பலித்ததில் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அவளுடைய வேலை ஒரு மணியோடு முடியும். அதற்குப் பிறகு வருகிறவன் அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, அவன் போடும் மாஸ்க் அச்சு வார்த்த மாதிரி இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பு கிடையாது. நேரில் "தம்பி" என்று கூப்பிடுவாள். மனசுக்குள் அவனுக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தாள். அவனும் நோயாளிகளிடம் தாளை வாங்கித் தானே எழுதினான். "எத்தனை?" என்பான். மூன்று என்றால் மூன்று. நான்கு என்றால் நான்கு. ஏன் என்று கேட்க மாட்டான்.

பதினோரு மாதம் ஆனது. ஒரு திங்கட்கிழமை தூக்க டாக்டர் தலைகால் புரியாத சந்தோஷத்தில் மாஸ்க் அறைக்குள் ஓடி வந்தார். கையில் ஒரு படம். அதில் இரண்டு கோடுகள். ஒன்று மேலே எட்டை ஒட்டி, இன்னொன்று கீழே நான்கை ஒட்டி. மேலே இருப்பது காலை நோயாளிகள். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை யாருமே எதிர்பார்க்கவில்லை என்றார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக் குழு கூடுகிறது; அதில் இதைக் காட்டி, அடுத்த மாதத்திலிருந்து மெஷினைக் காலை ஐந்து மணிக்கே தொடங்க அனுமதி வாங்கப் போகிறார். அப்படிச் செய்தால் தொண்டை நோயாளிகள் அத்தனை பேரையும் காலையிலேயே முடித்துவிடலாம். கட்டுரை அச்சாகும்போது தாள்களை ஒரு நாள் தவறாமல் வாங்கிச் சேர்த்ததற்காக மாஸ்க்கம்மாவின் பெயரைப் போட்டு நன்றி சொல்லப் போவதாகவும் சொன்னார்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி அவள் வீட்டுக்காரர், மகள், சம்பந்தி, மூன்றாம் மாடியைப் பெருக்குகிற அம்மா எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பணிப் பதிவேட்டுப் பெயரை எந்த எழுத்தில் எழுதுவது என்று டாக்டரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தாள். இருபத்தாறு வருடம் மற்றவர் முகத்தையே வடித்தவளுக்குத் தன் பெயரை அச்சில் பார்க்கக் கசக்குமா?

அந்த வாரம் நடுவில் மகளிடமிருந்து போன் வந்தது. பேரனுக்குத் தடுப்பூசி போட்டதில் காய்ச்சல், மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஊசி போட்டால் ஒரு நாள் உடம்பு சுடத்தான் செய்யும், பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டுக்காரர் எவ்வளவோ சொன்னார். ஊசி மருந்தைப் பற்றி அவருக்குத் தெரியும், பேரனைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிவிட்டாள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாள் காலை வேலையையும் உம்மணாமூஞ்சி பார்த்தான். பக்கத்து மெஷினிலிருந்து ஒருவர் வந்து பிற்பகலைப் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை திரும்பி வந்தவள் முதல் வேலையாகத் தாள்களைப் புரட்டினாள். செவ்வாய் வரை எட்டு, ஒன்பது, எட்டு. புதன்கிழமை மூன்று, இரண்டு, நான்கு. வியாழனும் அப்படியே, வெள்ளியும் அப்படியே. அதே பன்னிரண்டு பேர். அன்று காலை அவளே கேட்டு எழுதியபோது மறுபடியும் எட்டு, ஒன்பது.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்றே நாளில் அத்தனை பேர் தூக்கத்தையும் கெடுத்துவிட்டானே, மூஞ்சியை அப்படி வைத்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? டாக்டரின் வெள்ளிக்கிழமைக் கூட்டம் என்ன ஆவது? ஒரு மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்து, அவன் உள்ளே வந்து சட்டை மேல் கோட்டை மாட்டுவதற்குள் தாள்களை மேசையில் பரப்பி வைத்துப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள்.

அவன் அவசரப்படாமல் பொத்தான்களைப் போட்டுக்கொண்டே தாள்களைப் பார்த்தான். இந்தப் பக்கம் மூன்று நாள், அந்தப் பக்கம் பதினோரு மாதம். அவன் இவ்வளவு நேரம் ஒரு பொருளை உற்றுப் பார்த்து அவள் கண்டதில்லை.

"அக்கா, நான் தப்பா எதுவும் எழுதலை. அவங்க சொன்னதைத்தான் எழுதினேன்."

"அவங்க ஏன் அப்படிச் சொல்லணும்? என்கிட்ட எட்டுன்னுதானே சொல்றாங்க?"

"அதைத்தான் யோசிக்கறேன்" என்றான் அவன். "என்கிட்ட பொய் சொல்ல அவங்களுக்கு என்னக்கா அவசியம்?"

அவன் குத்திக்காட்டவில்லை; குத்திக்காட்டத் தெரிந்தவனும் இல்லை. சொல்லிவிட்டு வெந்நீர்த் தொட்டியின் சூட்டைப் பார்க்கப் போய்விட்டான். அவள் மேசையில் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினாள். முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் காலை முதல் ஆள் தபால்காரர். ஐம்பது வயது, தொண்டையில் நோய், முப்பத்து மூன்று தடவை கதிரில் பத்தொன்பதாவது. எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும், எது வெறுமனே குரைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவள் பேச்சுக்கு ஈடுகொடுக்கக்கூடியவர் அந்தப் பிரிவிலேயே அவர் ஒருவர்தான். குரல் கம்மிப்போன பிறகும் கிசுகிசுவென்று ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். தினமும் எட்டு.

அன்றும் கேட்டாள். எட்டு என்றார். அவள் பேனா தாளைத் தொடவில்லை. சிகிச்சை தொடங்கும் முன்பே அவருக்கென்று செய்து வைத்திருந்த மாஸ்க்கை எடுத்து அவர் முகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, வழக்கம்போலத் தாடைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். நல்ல மாஸ்க் என்றால் அங்கே விரல் நுழையக் கூடாது. போன வாரம் திங்கட்கிழமை ஒரு விரல் தாராளமாகப் போனது. அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டிருந்தாள். நேற்று இருந்த கோபத்தில் விரலை விட்டே பார்க்கவில்லை. இன்று இரண்டு விரல் போயின. நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிடுகிற மனுஷனின் கன்னம் ஒரு வாரத்தில் இவ்வளவு கரையாது. விரலுக்குத் தெரிந்தது காதுக்குத் தெரியாமல் போனதே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

மாஸ்க்கைக் கழற்றி அவரை எழுப்பி உட்கார வைத்தாள். அந்தத் தம்பியிடம் மூன்று நாளும் இரண்டு என்று சொன்னவர் தன்னிடம் மட்டும் எட்டு என்று ஏன் சொன்னார் என்று நேரடியாகக் கேட்டாள்.

தபால்காரர் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி தரையைப் பார்த்தார். பிறகு கம்மிய குரலில் சொன்னார்: "அவருக்கென்னம்மா, எழுதிட்டுப் போயிடுவாரு. உங்ககிட்ட சொன்னா உங்க முகம் வாடிடும். காலங்காத்தால அதைப் பாக்க எங்களுக்கு மனசு வரலை."

எங்களுக்கு என்றார். அப்படியென்றால் காத்திருப்பு அறையில் பன்னிரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் இவர்களைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் அவளைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முகம் வாடக் கூடாதே என்பதற்காகச் சிரித்து வைத்தாள். அன்று அவருக்குக் கதிர் கொடுக்கவில்லை. தளர்ந்த மாஸ்க்கோடு கொடுத்தால் குறி தப்பும். கையோடு அவரைப் பிரிவின் பெரிய டாக்டரிடம் கூட்டிப்போய், இரண்டு விரல் நுழைகிறது என்பதையும், ராத்திரி வலியில் உட்கார்ந்தே விடிகிறது என்பதையும் அவரையே சொல்ல வைத்தாள். வலி மருந்து மாறியது. வெள்ளிக்கிழமை புது மாஸ்க் என்று முடிவானது.

தபால்காரர் விஷயம் அதோடு ஒரு வழிக்கு வந்தது. தாள்கள்? அவளுடைய பேனா போட்ட எட்டும் ஒன்பதும்தான் மேல் கோடு. உம்மணாமூஞ்சி எழுதிய மூன்றும் நான்கும்தான் கீழ்க் கோடு. காலை நேரத்துக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். இது தெரிந்த ஆட்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவன் வாயைத் திறக்க மாட்டான். அவளும் மென்று விழுங்கிவிட்டால் வெள்ளிக்கிழமை டாக்டருக்குக் கைதட்டல் கிடைக்கும், அவள் பெயர் அச்சில் வரும். அடுத்த மாதத்திலிருந்து வாய் முழுக்கப் புண்ணோடு இருக்கிறவர்கள் ஐந்து மணி மெஷினுக்காக மூன்றரைக்கே எழுந்து வருவார்கள்.

அன்று வீட்டில் அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாத வீடு எப்படி இருக்கும் என்பது அவள் வீட்டுக்காரருக்கு அதுவரை தெரியாது. ஏதோ கோபம் என்று நினைத்து ஃப்ரிட்ஜ் பக்கமே போகாமல் இருந்தார்.

காலையில் டீயைக் கையில் கொடுத்துவிட்டு அவர் எப்போதும் கேட்பதைக் கேட்டார். "நல்லா தூங்கினியா?"

"ம், நல்லா தூங்கினேங்க" என்றாள்.

சொல்லி முடித்த பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. ஒரு பொட்டுக்கூடக் கண்ணை மூடவில்லை. விடிய விடியக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். ஆனாலும் இந்த மனுஷனைக் காலையில் கவலைப்பட வைப்பானேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதின்மூன்றாவது ஆளாகத் தன்னையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

பிறகு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் டீயை ஆற விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்படிச் செய், அப்படிச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில் கிடங்குக்காரர் கேட்கிற கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"எந்தத் தேதியிலிருந்து?"

"முதல் தாள்லேருந்தே."

"அப்ப மொத்தமும்தான்" என்றார்.

அவளுக்குப் பழைய சங்கதி ஒன்று நினைவுக்கு வந்தது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு திங்கட்கிழமை காலை கிடங்கில் ஒரு அலமாரிக் கதவு சரியாக மூடாமல் கிடந்தது. முள் பதினொன்றில் நின்றது. பார்த்தவர் அவர் ஒருவர்தான். கதவை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்து எழுதியிருந்தால் ஆறு என்றே எழுதியிருக்கலாம். பதினொன்று என்று எழுதினார். அலமாரி மருந்து முழுவதும் வீணென்று ஒதுக்கப்பட்டது, விசாரணை வந்தது, மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவள் ஒரு வாரம் அவரை வறுத்தெடுத்தாள். அவர் அந்தக் கடிதத்தைக் கல்யாணப் போட்டோ இருக்கிற ஃபைலில் பத்திரமாக வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

தூக்க டாக்டர் அறை முழுக்கக் காகிதம் பரப்பி வைத்துக் கூட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். மாஸ்க்கம்மா உட்காரவில்லை. உட்கார்ந்தால் பூசி மெழுகிவிடுவோம் என்று பயம். நின்றபடியே சொல்லி முடித்தாள். மூன்று நாள் தாளையும் மேசையில் வைத்தாள்.

டாக்டர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே ஆறு கைப்பட்டைகள். தூக்கத்தில் ஆள் எவ்வளவு புரளுகிறார் என்று கணக்கெடுக்கும் பட்டைகள் அவை. சரிபார்ப்பதற்காக ஆறு காலை நோயாளிகளுக்கு ஒரு வாரம் கட்டியிருந்தாராம். தாளில் எட்டு இருக்க, பட்டை மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்றதாம். பட்டை பழுது என்று முடிவு கட்டி, திருப்பி அனுப்பப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்.

"நான் பட்டையைக் குறை சொன்னேன், நீங்க அந்தத் தம்பியைக் குறை சொன்னீங்க" என்று டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினோரு மாத உழைப்பு போனால் யாருக்குத்தான் கண் கலங்காது? பிறகு கேட்டார்: "நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. ஏன் சொன்னீங்க?"

"அஞ்சு மணிக்கு இங்க வரணும்னா அவங்க மூணரைக்கு எழுந்திருக்கணும் டாக்டர். இருக்கிற கொஞ்சநஞ்சத் தூக்கமும் போயிடும்."

டாக்டர் கூட்டத்துக்கான படத்தை எடுத்து இரண்டாக மடித்தார்.

இதற்கப்புறம் நடந்ததைச் சொல்லிவிடலாம். பழைய தாள்கள் எல்லாம் ஒதுக்கி வைக்கப்பட்டன. ஆராய்ச்சி முதலிலிருந்து தொடங்கியது. நோயாளியோ வீட்டில் இருப்பவரோ விடிந்ததும் வீட்டிலேயே வட்டம் போட்டு, கவரில் வைத்து ஒட்டி, வாசலில் இருக்கும் பூட்டிய பெட்டியில் போட வேண்டும். மாஸ்க்கம்மாவும் பார்க்கக் கூடாது, உம்மணாமூஞ்சியும் பார்க்கக் கூடாது. ஒன்றரை வருடம் கழித்து வந்த படத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடந்தன. காலைக்கும் பிற்பகலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு கோடுமே ஐந்துக்குக் கீழே இருந்ததால், வலி மருந்தை இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும் என்று கட்டுரை முடிந்தது. நன்றி சொன்ன இடத்தில் அவள் பெயர் வந்தது. ஆனால் அவள் திரும்பத் திரும்பப் படித்தது வேறொரு வரியை. முதல் பதினோரு மாதத் தாள்கள் ஏன் சேர்க்கப்படவில்லை என்று விளக்கும் இடத்தில், நோயாளிகள் மிகவும் விரும்பிய ஒருவர் நேரில் கேட்டு எழுதியதே காரணம் என்று இருந்தது. அவள் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைக் கல்யாணப் போட்டோ ஃபைலில், தன் பதினொரு டிகிரிக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். உம்மணாமூஞ்சியின் தாள்கள்தான் உண்மையாக இருந்தன என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் அவனைப் பாராட்டினார். அவன் முகம் அப்போதும் மாறவில்லை.

ஆனால் அவளைக் கேட்டால் இதையெல்லாம் சொல்ல மாட்டாள். அந்த வெள்ளிக்கிழமையைத்தான் சொல்லுவாள். மேல் மாடியில் குழு கூடியிருந்த நேரம். தூக்க டாக்டர் தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள எழுந்து நின்றிருப்பார். கீழே மாஸ்க் அறையில் தபால்காரர் படுத்திருந்தார். தொட்டியில் புதுத் தகடு துவண்டது. முன்கையில் சூடு பார்த்து, கரைந்துபோன அந்தக் கன்னங்கள் மேல் இழுத்துப் போர்த்திப் பூட்டினாள். நெற்றியை அழுத்தினாள், மூக்குத் தண்டை அழுத்தினாள், தாடைக்கு அடியில் கட்டைவிரலால் நன்றாக உள்ளே தள்ளினாள். விரல் நுழைய இடமில்லை.

ஆறு நிமிடம் இருந்தது. என்ன பேசுவது என்று முதல் தடவையாக அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் பழக்கம் விடாமல் அதையே கேட்டாள். "ராத்திரி தூங்கினீங்களா? தாளுக்காக இல்ல. எனக்குத் தெரியணும்னு கேக்கறேன். பத்துக்கு எத்தனை?"

மாஸ்க்குக்குள் இருப்பவரால் பேச முடியாது. அவர் வலது கையை மேசையிலிருந்து மெல்லத் தூக்கினார். ஒரு விரல் நிமிர்ந்தது. இரண்டு, மூன்று, நான்கு. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கட்டைவிரலையே பார்த்தாள். அது உள்ளங்கையில் மடங்கியே இருந்தது. இடது கை மேசையிலிருந்து எழவே இல்லை.

நான்கு. நான்கேதான்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எத்தனையோ எட்டும் ஒன்பதும் வாங்கியிருக்கிறாள். இந்த நான்கைப் போல ஒன்றையும் வாங்கியதில்லை. முகம் வாடியிருக்குமோ என்னவோ, அதை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்த நான்கு விரல்களையும் சேர்த்துத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள். மாஸ்க் இறுகும்வரை விடவில்லை.